நாள்தோறும் எழுதுதலும் உரைநடைத் தேர்ச்சியும்: ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நாள்தோறும் குறிப்பு எழுதிவந்தால் எழுத்துத் திறன் வளரும் என்பது பயிற்சி நூல்களும் வகுப்பறைகளும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கருத்தாகும். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதப்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கொண்டு இக்கருத்தின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பிள்ளையின் உரைநடை, எழுதிய நாள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் படிப்படியாக வளரவில்லை; 1746ஆம் ஆண்டையொட்டித் திடீரென விரிகிறது. தினப்படி எழுத்து அவருக்கு அளித்தது நடையழகன்று. பிறர் பேச்சைக் கேட்டு நினைவில் இருத்தும் செவியும், கேட்டதையும் கண்டதையும் பிரித்தறியும் பழக்கமுமே ஆகும். அதே எழுத்து அவரிடம் வளர்த்த குறை ஒன்றும் உண்டு. அக்குறையும் மறைமலையடிகளின் நாட்குறிப்புப் பழக்கமும் இங்கு ஒப்புநோக்கப்பெறுகின்றன.

திறவுச் சொற்கள்: நாட்குறிப்பு, தமிழ் உரைநடை, ஆனந்தரங்கப் பிள்ளை, பேச்சு நடை, எழுத்துப் பயிற்சி, மறைமலையடிகள்

ஒரு நம்பிக்கை

எழுதக் கற்க விரும்புவோருக்கு முதலில் வழங்கப்பெறும் அறிவுரை, நாள்தோறும் எழுதுக என்பதே. அமெரிக்க எழுத்தாளர் டாரத்தியா பிராண்ட் 1934இல் வெளியிட்ட நூலில், விழித்தவுடன் வேறெதையும் படிக்காமலும் பேசாமலும் எழுதத் தொடங்குமாறு பரிந்துரைத்தார். பீட்டர் எல்போ 1973இல், கையை நிறுத்தாமல் பத்து நிமிடம் எழுதும் பயிற்சியை முன்வைத்தார். ஜூலியா கேமரூன் 1992இல் காலைதோறும் கையால் மூன்று பக்கம் எழுதும் முறையைப் பரப்பினார். இம்மூவருடைய நோக்கமும் எழுதுவோரின் தயக்கத்தை உடைப்பது. தயக்கம் உடைந்தால் நடை தானே செம்மையுறும் என்னும் முடிவு, இந்நூல்கள் வகுப்பறைக்குள் வந்த வழியில் அவற்றோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்த் துறைகளில் படைப்பிலக்கியப் பயிற்சித் தாளுக்காக மாணவர்களிடம் நாட்குறிப்பு எழுதி வாங்கும் வழக்கத்திற்கு அடிப்படை இந்த முடிவே.

நாட்குறிப்பு எழுதுவதன் பயனை ஆய்வுகள் மெய்ப்பித்துவிட்டன என்று சிலர் கூறுவதுண்டு. அவ்வாறு எடுத்துக்காட்டப்பெறும் ஆய்வுகளுள் முதன்மையானது ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்டது. மனத்தைத் துன்புறுத்திய நிகழ்ச்சிகளைச் சில நாள் தொடர்ந்து எழுதியோரின் உடல்நலத்தை அவ்வாய்வு அளந்தது; அவர்கள் எழுதிய வாக்கியங்கள் மேம்பட்டனவா என்பது அதன் வினாவன்று. இதற்கு மாறாக, தேர்ச்சி எவ்வாறு உண்டாகிறது என்பதை நேரடியாக ஆராய்ந்த ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடன் பணியாற்றியோரும், பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை கவனிக்கத்தக்கது. வெறுமனே திரும்பச் செய்வது தேர்ச்சி தருவதில்லை. குறைகளை நோக்கித் திட்டமிட்ட பயிற்சியும், செய்ததன் விளைவை உடனே அறிவதும் வேண்டும் என்பது அவர்கள் வாதம். நாட்குறிப்போ பிறர் படிக்காத எழுத்து. அதைத் திருத்துவார் இலர், மறுப்பாரும் இலர். எனின், இருபத்தைந்து ஆண்டு தனியே எழுதிய ஒருவரின் எழுத்தில் என்ன நிகழ்ந்திருக்கக் கூடும்? இவ்வினாவுக்குத் தமிழில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று பிள்ளையின் ஏடுகளாகும்.

ஏடும் அதன் பயணமும்

1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் வணிகராகவும் பிரெஞ்சுக் கும்பினியின் துபாசியாகவும் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பர் 6 அன்று எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு, அவர் காலமானார். தம் ஏட்டை அவர் தினப்படி சேதிக் குறிப்பு என்றும் சொஸ்த லிகிதம் என்றும் அழைத்தார். முன்னது எழுதும் முறையைச் சுட்டுகிறது. பின்னது தம் கையெழுத்து என்னும் உரிமையைச் சுட்டுகிறது. கண்டதையும் கேட்டதையும், கப்பல்களின் வரவு செலவையும், அதிசயங்களையும் எழுதப்போவதாக ஏட்டின் தொடக்கத்தில் அவர் அறிவிக்கிறார். அப்பட்டியலில் தம் மனத்தைப் பற்றியோ மொழியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

அவர் மறைந்து ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1846இல் கலுவா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் இவ்வேடுகளைக் கண்டறிந்தார். படிகள் எடுக்கப்பட்டன, அவற்றுள் சில பாரிசு தேசிய நூலகத்தை அடைந்தன. சூலியன் வின்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் 1894இல் வெளியிட்டார். சென்னை அரசின் முயற்சியால் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ 1948இல்தான். பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட தமிழ்ப் பதிப்பைக் காண 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. தமிழில் எழுதப்பெற்ற ஒரு நூலைத் தமிழர் நெடுங்காலம் ஆங்கிலத்தில் படித்தனர் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அதன் விளைவு வேடிக்கையன்று. வரலாற்றாசிரியர்கள் அதனைத் தகவல் சுரங்கமாகக் கண்டனர். உரைநடை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஒரு பத்தியில் அதனைக் குறிப்பிட்டுவிட்டு, அதன் நடை கொச்சையானது என்னும் தீர்ப்போடு நகர்ந்தனர்.

தெரிந்தே தேர்ந்த நடை

கொச்சை என்னும் அத்தீர்ப்பு முதலில் மறுபரிசீலனைக்கு உரியது. பிள்ளையின் வாக்கியங்கள் சொல்லுவதுபோல் எழுதப்பட்டவை. எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர, வினைமுற்று நெடுந்தொலைவுக்குப் பின்னரே வரும். சந்தி விதிகள் பொருட்படுத்தப்படுவதில்லை. முசியே, கும்பினி, துரை முதலிய வேற்றுமொழிச் சொற்கள் தமிழ்ச் சொற்களுக்கு இடையே எவ்வித அடையாளமும் இன்றி உலவுகின்றன. தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை என்று தொடங்கும் பதிவுக்குள் ஐரோப்பியக் கடிகாரத்தின் மணிக்கணக்கு வந்து அமர்கிறது.

இவற்றைக் கல்லாமையின் அடையாளமாகக் கொள்வதற்கில்லை. பிள்ளை புலவர்களைப் புரந்த வள்ளல். தியாகராச தேசிகர் அவர்மீது ஆனந்தரங்கக் கோவை பாடினார். வடமொழியில் சீனிவாச கவி ஆனந்தரங்க விசய சம்புவை இயற்றினார். செய்யுளின் செறிவும் கோவைத் துறைகளின் நுட்பமும் அவர் அவையில் அரங்கேறியவை. உயர்நடை எது என்பதை அறிந்தவர் அவர். அவ்வறிவைத் தம் ஏட்டுக்குள் கொண்டுவர அவர் விரும்பவில்லை. அவர் காலத்திலேயே வீரமாமுனிவர் செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் வகுத்தார் என்பதை இங்கு நினைவுகூரலாம். இருவகைத் தமிழும் வேறு வேறு பணிகளுக்கு உரியவை என்னும் தெளிவு அந்நூற்றாண்டில் இருந்தது. சிறிது பிந்திய சிவஞான முனிவரின் உரைநடையோடு பிள்ளையின் உரைநடையை ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது, அரங்கத்தில் நிகழும் வாதத்தையும் கடைத்தெருவில் நிகழும் பேச்சையும் ஒப்பிடுவதற்கு நிகராகும்.

ஆகவே பிள்ளையின் எழுத்து மேம்பட்டதா என்று கேட்கும்போது, இலக்கணத் திருத்தத்தை அளவுகோலாகக் கொள்ளல் பொருந்தாது. அவ்வளவுகோலின்படி, பார்வைக்குப் புலப்படும் மாற்றம் எதுவும் இல்லை. 1736இல் எழுதியவாறே அவர் பிற்காலத்திலும் சந்தியைக் கைவிட்டு எழுதினார். நாள்தோறும் எழுதினால் பிழை குறையும் என்று எதிர்பார்க்கும் ஆசிரியர்களுக்கு இது ஏமாற்றம் அளிக்கக்கூடும். திருத்துவாரின்றி எழுதுபவர், தம் பிழைகளையும் நாள்தோறும் பயில்கிறார் என்பதே உண்மை. வேறு வகையான வளர்ச்சி உண்டா என்பதே கேட்கத்தக்க வினா.

பத்தாண்டும் ஆறு மாதமும்

ஆங்கிலப் பதிப்பின் தொகுதி அமைப்பே இவ்வினாவுக்கு ஒரு விடையைக் காட்டுகிறது. முதல் தொகுதி 1736 செப்டம்பரில் தொடங்கி 1746இன் தொடக்கம் வரை, ஏறக்குறைய ஒன்பதரை ஆண்டுகளை உள்ளடக்குகிறது. இரண்டாம் தொகுதி 1746 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மட்டுமே செல்கிறது. மூன்றாம் தொகுதி அங்கிருந்து 1747 மார்ச்சு வரை நிற்கிறது. ஒன்பதரை ஆண்டுகளுக்குப் போதிய இடம், திடீரென ஆறு மாதத்திற்கே போதாமற்போயிற்று.

தொடக்க ஆண்டுகளின் ஏடுகளில் இழப்புகள் உண்டு என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். இடைவெளிகளை நீக்கிப் பார்த்தாலும் வேறுபாடு மறைவதில்லை. முற்காலப் பதிவுகள் பல சுருங்கியவை. இன்ன கப்பல் வந்தது, இன்னார் இறந்தார், இன்ன சரக்கு இன்ன விலைக்குப் போயிற்று என்னும் வணிகக் கணக்கின் சாயல் கொண்டவை. 1746க்குப் பிந்திய பதிவுகளில் ஒரு காலைப்பொழுதின் உரையாடலே பல பக்கங்களுக்கு நீள்வதுண்டு.

இம்மாற்றத்தின் காரணம் வெளிப்படை. 1746 பிப்ரவரியில் தலைமைத் துபாசி கனகராய முதலியார் இறந்தார். அவ்விடத்திற்கு உரியவராகப் பிள்ளை கருதப்பட்டார்; 1747இல் பதவி முறைப்படி அவரை அடைந்தது. அதே 1746 செப்டம்பரில் லபோர்தொனேயின் கப்பற்படை சென்னைப்பட்டணத்தைக் கைப்பற்றியது. பிடித்த ஊரை என்ன செய்வது என்பதில் அவருக்கும் ஆளுநர் துய்ப்ளேவுக்கும் பகை மூண்டது. அக்டோபரில் வீசிய புயல் லபோர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்தது. இவை அனைத்தும் கடிதங்களாகவும் வதந்திகளாகவும் ஆளுநரின் அறைக்குள் வந்து சேர்ந்தபோது, அவ்வறையின் வாசலில் நின்றவர் பிள்ளை. அவரது உரைநடையை விரித்தது பயிற்சியன்று, அவருக்கு வாய்த்த இடம் என்று கூறத் தோன்றும்.

ஆயின் அவ்வளவில் நிறுத்திவிடுவதும் முழு உண்மையாகாது. அதே அறையில் பிரெஞ்சு அதிகாரிகள் பலர் இருந்தனர். புதுச்சேரியில் வேறு வணிகர்களும் எழுத்தர்களும் இருந்தனர். அந்நிகழ்ச்சிகளை அவ்வளவு நுணுக்கமாக அன்றன்றே எழுதிவைத்தவர் பிள்ளையே. நெடுங்காலம் கப்பலையும் சரக்கையும் எழுதிப் பழகிய கை, பெருநிகழ்ச்சி வந்தபோது தயங்கவில்லை. சிறிய செய்தியை நாள்தோறும் எழுதியதன் பயன் அடுத்த நாளைய செய்தியில் புலப்படவில்லை. பத்தாண்டுக்குப் பின் ஒரே ஆண்டில் புலப்பட்டது. தினப்படி எழுத்தின் விளைவு ஏணிப்படிபோல் அமையும் என்று எதிர்பார்த்து, ஒரு பருவத்தின் இறுதியில் மாணவரின் முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிட்டு மதிப்பெண் வழங்கும் முறை எவ்வளவு மேலோட்டமானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

செவி பெற்ற பயிற்சி

பிள்ளையின் உரைநடையில் உண்மையாகவே வளர்ந்தது எது? பிறர் பேச்சை எழுதும் ஆற்றல் எனலாம். துய்ப்ளே கேட்டது, தாம் மறுமொழி கூறியது, அதற்கு அவர் கூறியது, இடையே வந்தவர் கூறியது என்று வரிசை தவறாமல் உரையாடல் நகர்கிறது. பெரும்பாலும் பிரெஞ்சிலும் பிற மொழிகளிலும் நிகழ்ந்த பேச்சுகள் இவை. துபாசி என்பவர் இருமொழியாளர். பகலெல்லாம் வாயால் மொழிபெயர்த்தவர் பின்னர்க் கையால் மொழிபெயர்த்திருக்கிறார். ஆளுநரின் சினமும் நையாண்டியும், தெலுங்கோ தமிழோ பேசிய வணிகரின் கெஞ்சலும், வேற்றூர்த் தூதரின் மழுப்பலும் ஒரே தமிழுக்குள் வந்தும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. தமிழ்ப் புனைகதையில் உரையாடல் ஒரு கலையாக உருப்பெறுவதற்கு நூறாண்டுக்கும் மேலான காலம் முன்னரே, இங்கு அது அலுவலகத் தேவையாகப் பயிலப்பட்டது. பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய புதினங்களை இவ்வேடுகளை ஆதாரமாகக் கொண்டு எழுதினார் என்பது தற்செயலன்று. வெறும் தகவலை மட்டும் தரும் ஆவணம் ஒரு புதின ஆசிரியரை இவ்வளவு தொலைவு அழைத்துச் சென்றிராது.

இதனோடு தொடர்புடைய மற்றொன்று, செய்தியின் தரத்தை எழுத்திலேயே குறிக்கும் பழக்கம். நேரில் கண்டது, இன்னார் சொல்லக் கேட்டது, ஊரில் பேசிக்கொள்வது, கடிதத்தில் வந்தது என்று பிள்ளை வேறுபடுத்துகிறார். சென்னைப்பட்டணத்துச் செய்திகள் வந்த 1746ஆம் ஆண்டின் பதிவுகளில் இது நன்கு விளங்கும். ஒரு நாள் எழுதிய வதந்தியை வரும் நாள்களில் வரும் கடிதம் உறுதிசெய்யலாம், பொய்யாக்கவும் செய்யலாம். பழைய பதிவை அழிக்காமல் புதியதைத் தொடர்ந்து எழுதுவதே நாட்குறிப்பின் இயல்பு. எரிக்சன் குறிப்பிட்ட உடனடி விளைவறிதல் நாட்குறிப்புக்கு இல்லை என்று மேலே கூறப்பட்டது. நடையைப் பொறுத்தவரை அது சரியே. செய்தியைப் பொறுத்தவரை, மறுநாளே பிள்ளைக்கு ஆசிரியராக இருந்தது. நேற்றுக் கேட்டதை நம்பி எழுதியவர், இன்று ஏமாந்ததையும் எழுத வேண்டியவராகிறார். தொடர்ந்து இதற்கு உட்பட்டவரின் வாக்கியத்தில், என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பதுபோன்ற விலகல் தொடர்கள் பெருகுவது இயற்கை. வணிகர்க்கு இஃது இழப்பைத் தடுக்கும் கருவி. எழுத்தாளர்க்கு இது நடையின் ஒரு கூறு.

மறுப்பாரில்லாத குரல்

இனிக் குறையைக் கூற வேண்டும். பிள்ளை எழுதும் உரையாடல்களில் நீண்ட பேச்சும் அறிவார்ந்த பேச்சும் பெரும்பாலும் பிள்ளையுடையவை. ஆளுநர் அவர் கூற்றை வியந்து ஒப்புகிறார். பகைவர்கள் வாயடைத்துப் போகின்றனர். அவர் முன்கூட்டியே எச்சரித்தபடியே காரியங்கள் முடிகின்றன. துய்ப்ளேயின் மனைவியைப் பற்றிய பதிவுகளில் அவருடைய நியாயம் ஒருமுறையேனும் கேட்கப்படுகிறதா என்பது ஐயத்திற்குரியது. எதிராளி படிக்காத எழுத்தில், எதிராளி வெல்வது அரிது.

பிள்ளையைச் சாமுவேல் பெப்பீசோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வொப்பீடு பெரும்பாலும் புகழுரையாகவே நின்றுவிடுகிறது. அதை முழுமையாகச் செய்தால் பிள்ளைக்கு அவ்வளவு சாதகமாக அமையாது. 1660 முதல் 1669 வரை எழுதிய பெப்பீசு, தம் ஒழுக்கக்கேட்டையும் அச்சத்தையும் அற்பத்தனத்தையும் மறைக்காமல் எழுதினார். அவற்றை எழுதும்பொருட்டே சுருக்கெழுத்தையும் அயல்மொழிச் சொற்களையும் திரையாகக் கொண்டார் போலும். பிள்ளையின் ஏட்டில் அத்தகைய திரை இல்லை. திரைக்குப் பின் வைக்க வேண்டியவற்றை அவர் எழுதவே இல்லை. அவ்வேடு தம் குடும்பத்தார் கையில் சேரும் என்பதை அவர் அறிந்திருக்கக் கூடும். மனம் திறந்து எழுதும் வெளியாக நாட்குறிப்பைக் காணும் இன்றைய பார்வை, பதினெட்டாம் நூற்றாண்டின் வணிகக் குடும்பத்து ஏட்டுக்குப் பொருந்தாது என்பதும் உண்மையே. எனினும், நாள்தோறும் எழுதுவதால் தன்னறிவு தானே பெருகும் என்னும் பரவலான கூற்றுக்கு இவ்வேடு வலுவான எதிர்ச்சான்றாகும். தன்னைப் பற்றித் தான் கொண்ட கருத்தும் தினப்படி எழுத எழுத உறுதிப்பட்டுவிடும்.

இக்குறை எங்குத் தளர்கிறது என்று நோக்கினால், 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைக் கூறும் பதிவுகள் தனித்து நிற்கின்றன. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளை அது. பதவியில் இருந்த தலைமைத் துபாசியால் அவ்விடிப்பைத் தடுக்க முடியவில்லை. ஊராரின் கொதிப்பும், அவர்கள் ஒன்றுபட்டு நிற்காததும், இடிப்பவர்களின் செயலும், ஆளுநரின் நெடுநாளைய எண்ணம் பற்றிய கணிப்பும் அங்கு அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. பழியைப் பிறர்மேல் ஏற்றும் முயற்சி அங்கும் இல்லாமலில்லை. ஆனால் எப்போதும்போல் உரையாடலைத் தாம் வென்றதாக முடிக்க அங்கு வழியில்லை, கோயில் வீழ்ந்துவிட்டது. தம் திறமையைக் காட்ட இடமற்ற அப்பக்கங்களில், காட்சிகளைச் சொல்லிச் செல்வதைத் தவிரப் பிள்ளைக்கு வேறு பணி இல்லை. அவருடைய ஏட்டில் மிகச் சிறந்த உரைநடை அதுவே என்று துணிந்து கூறலாம். அச்சிறப்பைப் பயிற்சியின் பயன் என்பதா, தோல்வியின் பயன் என்பதா என்பதை எளிதில் முடிவுசெய்ய இயலாது. பயிற்சி இல்லாதிருந்தால் அத்தோல்வி ஒரு பெருமூச்சாகவே போயிருக்கும் என்பது மட்டும் தெளிவு.

அடிகளின் ஆங்கில ஏடு

நாட்குறிப்புக்கும் நடைக்கும் உள்ள உறவு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு மறைமலையடிகள் மற்றொரு சான்று. 1898 முதல் 1950 வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, அவர் நாட்குறிப்பு எழுதினார். தனித்தமிழ் இயக்கத்தின் தலைமகனாகிய அவர் அவற்றைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார். இதனை முரண்பாடு என்று சுட்டி நகைப்போர் உண்டு. அந்நகைப்பு பயனற்றது, அதற்கப்பால் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. தமிழ் உரைநடையில் தனக்கென ஒரு தடம் அமைத்த அவர், அந்நடையை எங்கே பயின்றார்?

நாட்குறிப்பில் அன்று என்பது உறுதி. வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என்று மாற்றியதுபோல், ஞானசாகரம் என்னும் தம் இதழ்ப்பெயரையும் அறிவுக்கடல் என்று மாற்றினார். முன்னர் எழுதிய நூல்களை மறுபதிப்புச் செய்கையில், வடசொற்களைக் களைந்து வரிவரியாகத் திருத்தினார். மேடைகளில் பேசினார், மாணவர்க்குப் பாடம் சொன்னார், மறுப்புரைகளுக்கு மறுமொழி எழுதினார். அச்சேறிய தம் வாக்கியத்தை மீண்டும் எடுத்து, ஒரு சொல்லை நீக்கி வேறு சொல்லை அமைத்து, அதனால் வாக்கியத்தின் ஓசை எவ்வாறு மாறுகிறது என்று பார்த்த உழைப்பே அவர் நடையை உருவாக்கிற்று. எரிக்சன் கூறும் திட்டமிட்ட பயிற்சிக்குத் தமிழில் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடுவது கடினம். நாட்குறிப்பு அவருக்கு வேறு பணிகளைச் செய்திருக்கும். நடையை அது ஆக்கவில்லை.

இரு ஏடுகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு துலங்குகிறது. பிள்ளை திருத்தாமல் எழுதினார். அதனால் பேச்சின் உயிர்ப்பு அவர் வாக்கியத்தில் தங்கியது, நடை மாறாமல் நின்றது. அடிகள் திருத்தித் திருத்தி எழுதினார். நடை மாறியது, பேச்சின் உயிர்ப்பு பின்னடைந்தது. செவியை வளர்க்கும் எழுத்தும் வாக்கியத்தை வளர்க்கும் எழுத்தும் ஒன்றல்ல. நாட்குறிப்பு முன்னதற்கு உதவும்; பின்னதற்கு மறுபடிப்பும் திருத்தமும் பிறர் கண்ணும் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியே, நாள்தோறும் ஒரு பக்கம் என்று மாணவர்களிடம் கேட்கப்படுகிறது. அவர்களும் பருவத்தின் கடைசி வாரத்தில் மூன்று பேனா நிறங்களில் நூறு நாள்களை எழுதி முடிக்கின்றனர். இதற்கு அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. தாம் கண்ட எதனையும், கேட்ட எவர் பேச்சையும் எழுதுமாறு அவர்களிடம் கேட்கப்படவில்லை; தம் உணர்வுகளை எழுதுமாறு கேட்கப்பட்டது. உணர்வுகளைக் கடைசி வாரத்திலும் உண்டாக்கிக்கொள்ள முடியும். செவ்வாய்க்கிழமை மீன்காரர் கூறிய விலையை அவ்வாறு உண்டாக்க முடியாது.

ஏட்டின் வாரிசுகள்

பிள்ளையின் மறைவோடு புதுச்சேரியில் தினப்படி எழுத்து நின்றுவிடவில்லை. அவர் தம்பி மகன் திருவேங்கடப் பிள்ளை குறிப்பெழுதும் வழக்கத்தைத் தொடர்ந்தார். அவருக்குப் பின்னரும் அக்குடும்பத்தில் அது நீடித்தது. குடும்பத்திற்கு வெளியே, இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பு ஒன்றும் கிடைத்து, 1992இல் அச்சேறியுள்ளது. பிரெஞ்சுப் புரட்சியின் செய்தி ஒரு தமிழ்நாட்டுக் கடற்கரையூரை எட்டிய காலத்தை உள்ளடக்கும் ஏடு அது.

இவ்வேடுகளும் இதுவரை வரலாற்றுச் சான்றுகளாகவே படிக்கப்பட்டுள்ளன. அவற்றின் வாக்கிய அமைப்பையும், பிறர் கூற்றைத் தரும் முறையையும், கேட்டதற்கும் கண்டதற்கும் இடையே அவை பேணும் வேறுபாட்டையும் பிள்ளையின் ஏட்டோடு வரிசையாக ஒப்பிட இடமிருக்கிறது. பெரியதந்தையின் நடை தம்பி மகனின் கைக்கு எவ்வளவு இறங்கியது? அலுவலால் வந்த கூறுகள் எவை, பழக்கத்தால் வந்தவை எவை, பிள்ளை என்னும் தனியொருவருக்கே உரியவை எவை? பதவி இழந்த 1756க்குப் பின், ஆளுநரின் அறை அவருக்கு மூடப்பட்ட நிலையில் எழுதிய பதிவுகளை, திறந்திருந்த காலத்துப் பதிவுகளோடு வைத்துப் பார்ப்பது இவ்வாய்வின் முதற்படியாக அமையலாம். அப்போதும் அவர் எழுதினார். சொல்லுவதற்குச் செய்தி குறைந்த நாள்களிலும் தேதியையும் கிழமையையும் இட்டு எழுதினார்.